பழைய காரில் தோள் பெல்ட் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய காருக்கு பெல்ட் மாட்டலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் சீட் துணிக்கு எந்த நிறப் பெல்ட் பொருந்தும் என்று தேடுவது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் கடையில் கிடைக்கும். பெட்டியைப் பிரித்தால் மாட்டத் தயாராக இருக்கும். அது மாட்டப்படும் தகரம்தான் 50, 60 வருடம் பழையது. இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் அந்தத் தகரத்தோடுதான் போகும், போகவும் வேண்டும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது கார் மோதுகிறது. காரின் மூக்கு நசுங்குவதும் பெல்ட் நீள்வதும் சேர்ந்து, அவர் உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை ஏறத்தாழ ஒன்றரை டன். சட்டங்களும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் 210-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதிப்படி, தோள் பெல்ட்டும் இடுப்பு பெல்ட்டும் சேர்ந்த அமைப்பில் இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் தலா 3,000 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். ஐ.நா.வின் 14-ஆம் விதி கேட்பது 13,500 நியூட்டன். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு மி.மீ. கனமுள்ள தரைத் தகரத்தில் துளை போட்டு போல்ட்டும் வாஷரும் மாட்டினால் இது நிற்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

காரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

டிரில் மெஷினைத் தொடுவதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்குங்கள், கதவுத் தூணின் உள்மூடியைக் கழற்றுங்கள். தொழிற்சாலையிலேயே பிடிமானம் வைத்து அனுப்பிய கார்கள் நிறைய உண்டு. 1960-களின் பல கார்களில் இடுப்பு பெல்ட்டுக்கான நட் தரைக்கு அடியில் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். மேலே ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அடைப்பான் மட்டும் தெரியும். சிலவற்றில் அதுவும் தெரியாது, தார்ப்பூச்சுக்கு அடியில் புதைந்திருக்கும். விரலால் தடவினால் வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்படும்.

வருடத்தை வைத்தும் ஓரளவு ஊகிக்கலாம். இன்று நாம் போடும் மூன்று முனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் வோல்வோவில் பொறியாளராக இருந்த நில்ஸ் போலின். 1959-ல் வோல்வோ கார்களில் வந்தது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ விட்டுக்கொடுத்தது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் புதுக் கார்களின் முன்சீட் ஓரங்களுக்குத் தோள் பெல்ட் கட்டாயம், திறந்த மேற்கூரை கொண்ட கன்வர்டிபிள்களைத் தவிர. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் தோள் பெல்ட் தனி, இடுப்பு பெல்ட் தனி. தோள் பெல்ட்டை மடித்துக் கூரை ஓரத்தில் செருகி வைத்திருப்பார்கள். யாரும் எடுத்துப் போடவும் மாட்டார்கள். இரண்டும் ஒன்றான பெல்ட் 1974 மாடலில்தான் பரவலாக வந்தது.

இந்த வரலாறு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். உங்கள் கார் 1965 மாடல், அதே பாடி 1969 வரை வந்தது என்றால், பிந்திய வருடத்துக் காரின் தூணையோ கூரை ஓரத்தையோ போய்ப் பாருங்கள். நிறுவனமே எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு பெரிய தகடு வைத்தது என்பது அங்கே இருக்கும். அந்த வலுவூட்டும் தகட்டையே தேடி வாங்கி வெல்டிங் செய்ய முடிந்தால், அதைவிட நல்ல வழி கிடையாது. உங்கள் ஊர்ச் சட்டம் இதற்கு ஆய்வோ சான்றோ கேட்கிறதா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். எல்லாம் மூடிய பிறகு பிரிப்பது இரட்டை வேலை.

எந்தப் பெல்ட்?

இரண்டு வகை. ஒன்று நிலையான பெல்ட்: கையால் இழுத்து நீளம் சரிசெய்து கொள்வது. இன்னொன்று ரீல் பெல்ட்: தானாகச் சுருண்டுகொள்ளும், அடித்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். நிலையான பெல்ட்டில் கெட்டுப்போக எதுவும் இல்லை, இடமும் குறைவாகப் பிடிக்கும், காலத்துக்கும் பொருந்தும். ஆனால் இறுக்கமாகப் போட்டால் ரேடியோவைத் தொட முடியாது. அதனால் எல்லோரும் தளர்த்தி விடுவார்கள், தளர்ந்த பெல்ட் பாதிப் பெல்ட். தினமும் ஓட்டும் கார் என்றால் ரீல் வகையே வாங்குங்கள்.

ரீல் வாங்கும்போது பலர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இது எந்தக் கோணத்தில் மாட்ட வேண்டியது? ரீலுக்குள்ளே ஒரு சின்னக் குண்டோ ஊசலோ இருக்கும். கார் திடீரென்று வேகம் குறைந்தால் அது நகர்ந்து பல்லைப் பூட்டும். அது சரியாக வேலை செய்ய ரீல் நிமிர்ந்து இருக்க வேண்டும், அல்லது அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட சாய்வில் இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, இப்படி வண்டியின் அசைவை வைத்துப் பூட்டும் ரீல் தன் சரியான நிலையிலிருந்து 15 டிகிரி சாயும் வரை பூட்டக்கூடாது, 45 டிகிரியில் பூட்டியே ஆக வேண்டும். ஐ.நா. விதியில் இதே எல்லைகள் 12-ம் 27-ம். நீங்கள் 10 டிகிரி தவறாகச் சாய்த்து மாட்டினால் மிச்சம் இருப்பது இரண்டு முதல் ஐந்து டிகிரி. சின்ன ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு பெல்ட்டை இழுத்தால் வரவே வராது. பழைய கார்களில் தூணும் தரையும் நேராகவே இருக்காது என்பதால், செல்போனில் இருக்கும் கோணமானியைத் தூணின் மேல் வைத்து அளந்த பிறகு ரீலுக்கு ஆர்டர் சொல்லுங்கள். கோணத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ரீல்களும் கிடைக்கின்றன.

பக்கிள் பக்கம் வளையாத கம்பித் தண்டா, பட்டையால் ஆன தண்டா என்பது சீட்டைப் பொறுத்தது. எதுவானாலும் பெல்ட் போட்டபின் பக்கிள் இடுப்பெலும்பின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தால் தண்டு நீளம், குட்டையாக மாற்றுங்கள்.

பெல்ட்டில் தரச்சான்று லேபிள் இருக்கிறதா பாருங்கள்: வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஒரு எண்ணும், அல்லது அமெரிக்காவின் 209-ஆம் விதிக்கு உட்பட்டது என்ற வாசகம். உடைசல் கடையில் கழற்றிய பெல்ட் வேண்டவே வேண்டாம். அந்தக் கார் ஏன் அங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை மோதலைத் தாங்கிய பட்டை மறுமுறை அதே மாதிரி தாங்காது. வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பட்டையும் அப்படித்தான், பார்க்க நன்றாக இருந்தாலும்.

பந்தயக் கார்களில் போடும் நான்கு முனைப் பெல்ட் பற்றியும் கேட்பார்கள். கால்களுக்கிடையே வரும் பட்டை இல்லாத நான்கு முனைப் பெல்ட், தோள் பக்கம் இழுபடும்போது இடுப்புப் பட்டையை வயிற்றுக்குத் தூக்கிவிடும். தெருவில் ஓட்டும் பழைய காருக்கு நல்ல மூன்று முனைப் பெல்ட்டே போதும்.

நூல் கட்டிப் பார்ப்பது

இந்த வேலையில் அவசரப்படவே கூடாத கட்டம் இதுதான். சீட்டை அதன் இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். வழக்கமாக ஓட்டுபவரை, வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார வையுங்கள். 50 மி.மீ. அகலமுள்ள துணி நாடா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நூலைவிட நாடாவில்தான் பெல்ட் எப்படி முறுக்கிக்கொள்ளும், கழுத்தை எங்கே உரசும் என்பது தெரியும்.

முதலில் இடுப்பு. அவருடைய இடுப்பு மூட்டிலிருந்து தரையில் உள்ள பிடிமானத்துக்கு ஒரு கோடு போடுவதாக நினையுங்கள். அது கிடைமட்டத்திலிருந்து 30 முதல் 75 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. என் கைக்கு 45-க்கும் 65-க்கும் இடைப்பட்டது சரியாக வரும். கோடு மிகவும் படுத்திருந்தால், அதாவது பிடிமானம் ரொம்பப் பின்னால் போய்விட்டால், மோதும்போது உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி முன்னே போகும். பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். குடலும் கல்லீரலும் இருக்கும் இடம் அது. சீட்டை முழுக்க முன்னே தள்ளி ஒருமுறை, முழுக்கப் பின்னே தள்ளி ஒருமுறை பாருங்கள். முன்னே தள்ளும்போது கோணம் படுத்துக்கொண்டே போவது தெரியும்.

அடுத்து தோள். மேல் பிடிமானம் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் உயரமாகவோ, தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நாடா கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், காரையெலும்பின் மேல் படிந்து, மார்பின் நடுவைக் கடந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு வர வேண்டும். கழுத்தை அறுத்தால் பிடிமானம் உள்பக்கம் அதிகம் வந்துவிட்டது. தோளிலிருந்து வழிந்தால் வெளியே போய்விட்டது.

மேல் பிடிமானம் தோளுக்குக் கீழே போனால் என்ன ஆகும்? தூணைத் துளைக்க யோசித்து, பின்சீட்டுத் தரையில் போல்ட் போட்டு, பெல்ட்டை சீட்டின் முதுகு மேல் கொண்டுவருவதைப் பல கார்களில் பார்க்கலாம். பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் மோதலில் அந்தப் பட்டை உடலைப் பின்னுக்கு இழுப்பதோடு கீழ்நோக்கியும் அமுக்கும். தோள் பட்டையில் 5,000 நியூட்டன் இழுவை, பின்னால் போகும் பகுதி 45 டிகிரி சரிவு என்றால், சுமார் 3,500 நியூட்டன் நேராக முதுகெலும்பின் மேல் இறங்குகிறது. சீட்டின் முதுகு அதில் கொஞ்சத்தைத் தாங்கும் என்று சொல்வார்கள். பழைய காரின் சீட் முதுகு எதையும் தாங்காது, மடங்கி உங்கள் மேலேயே விழும். இந்த முறையில் தோள் பெல்ட் போடுவதைவிட, ஒழுங்காகப் பொருத்திய இடுப்பு பெல்ட்டோடு நிறுத்திக்கொள்வது மேல் என்பது என் கருத்து. இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் தலை ஸ்டியரிங்கில் மோதும் அபாயம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் அப்படித்தான் சொல்வேன்.

இடங்கள் முடிவானதும் மார்க்கர் பேனாவால் குறியுங்கள். வலமும் இடமும் தனித்தனியாக அளந்து குறிப்பது நல்லது. கையால் வெல்டிங் செய்த காலத்துக் கார்களில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

தகரத்தைச் சோதிப்பது

குறித்த இடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட்டையும் தார்ப்பூச்சையும் சுரண்டி வெறும் தகரம் தெரியும்படி எடுங்கள். மேலேயும் அடியிலேயும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். துரு தின்ற இடத்திலும், முன்பு யாரோ பட்டி போட்டு மூடிய இடத்திலும் ஓசை செத்துவிடும். அங்கே பழைய ஸ்க்ரூட்ரைவர் ஒன்றின் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பொடி கொட்டினால், அன்றைக்கு பெல்ட் வேலை இல்லை; தரை வேலைதான். புதுத் தகரம் வெட்டி வைத்து வெல்டிங் செய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதியும் தூணின் அடிக்கட்டையும் உள்ளிருந்து துருப்பிடிப்பவை. வெளியே பளபளவென்று இருக்கும். அதனால் உள்ளே பார்க்கும் சின்னக் கேமரா கிடைத்தால் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

ஃபைபர்கிளாஸ் பாடியிலும் மரத் தரையிலும் போல்ட்டை நம்பி விடக்கூடாது. இழுவை இரும்புச் சட்டத்துக்குப் போகும்படி தாங்கி செய்ய வேண்டும். அதற்கு அந்த மாடலை அறிந்த வேலைக்காரர் தேவை. சேசிஸ் தனி, பாடி தனி என்றுள்ள கார்களில் ஒரு விஷயம்: சீட் எதில் மாட்டியிருக்கிறதோ பெல்ட்டும் அதிலேயே இருக்கட்டும். மோதலில் பாடி சேசிஸிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால், சீட் ஒரு பக்கம் போக, பெல்ட் இன்னொரு பக்கம் இழுக்கும். நடுவில் இருப்பது நீங்கள்.

தகடும் போல்ட்டும்

பெல்ட் போல்ட்டுக்கு உலகம் முழுவதும் பழகிப்போன அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி, யூ.என்.எஃப். எனும் நுண்புரி வகை. பெல்ட்டோடு வருவதையே பயன்படுத்துங்கள். தலையில் வலிமைக் குறி இல்லாத சாதாரணக் கடை போல்ட் வேண்டாம். போல்ட்டை ஒருபோதும் எதனோடும் வெல்டிங் செய்யாதீர்கள். சூடு பட்டால் அதன் பதம் போய்விடும். வெல்டிங் செய்ய வேண்டியது நட்டை மட்டும்.

போல்ட்டின் இழுவையைத் தகரத்தில் பரப்பிவிட, நட்டோடு சேர்த்து வைக்கும் தகடு குறைந்தது 3 மி.மீ. கனம், 40 சதுர செ.மீ. பரப்பு. மோட்டார் பந்தய விதிகள் பாடியில் புதிதாகப் போடும் பிடிமானத்துக்குக் கேட்கும் அளவு இது. ஏறத்தாழ 65 மி.மீ. சதுரம். பழைய தரைக்கு நான் இன்னும் பெரிதாக, 75-க்கு 100 என்று வெட்டச் சொல்வேன். மூலைகளை நன்றாக உருட்டிவிடுங்கள். கூர்மூலை இருந்தால் இழுவை வரும்போது அது தகரத்தைக் கத்தி போலக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். முடிந்தால் விளிம்புகளை லேசாகத் தகரத்தைவிட்டு விலகி வளைத்துக்கொள்ளுங்கள். தரையில் மேடு பள்ளம் இருந்தால் தகட்டையும் அதற்கேற்ப வளைக்க வேண்டும். தகரத்தோடு முழுக்கப் படியாத தகடு பாதித் தகடு.

தகடு எந்தப் பக்கம்? இழுவை எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். தரைப் பிடிமானத்தை பெல்ட் மேலேயும் முன்னேயும் இழுக்கும், ஆகவே தகடு காருக்கு அடியில். அப்போதுதான் தகரம் தகட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழுப் பரப்பிலும் தாங்கும். உள்ளே மேல்பக்கமாக வெறுமனே தகடு வைத்தால் சுற்றியுள்ள வெல்டிங் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

துளை போடுவது

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அப்புறம் காருக்கு அடியில் படுத்து, துளை வரப்போகும் ஒவ்வொரு இடத்திலும் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு, சைலன்சர் குழாய், சில கார்களில் டேங்க்கே. வெல்டிங் இருந்தால் பெட்ரோல் குழாயைக் கழற்றி அகற்றிவிட வேண்டும், ஈரத்துணி போர்த்தினால் போதாது. கார்ப்பெட், அதன் அடியில் உள்ள சணல் மெத்தை, தார்ப்பூச்சு எல்லாமே பற்றும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், கூடவே ஒரு ஆளும் நெருப்பைக் கவனித்துக்கொண்டு.

சென்டர் பஞ்ச்சால் குழி அடித்து, 3 மி.மீ. பிட்டால் முதல் துளை. மறுபக்கம் போய்ப் பார்த்து, வர வேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறதா என்று உறுதி செய்தபின் பெரிதாக்குங்கள். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் மெல்லிய தகரத்தில் சுத்தமாக வெட்டும்; சாதாரணப் பெரிய பிட் முக்கோணத் துளைதான் போடும். கடைசி அளவு 12 மி.மீ.; போல்ட்டின் விட்டம் 11.1. பிசிரை அரத்தால் எடுத்து, வெட்டிய விளிம்பில் உடனே பிரைமர் பூசுங்கள்.

நட்டைத் தகட்டோடு வெல்டிங் செய்யும்போது உள்ளே ஒரு பழைய போல்ட்டைத் திருகி வைத்துக்கொண்டால் நட் நேராக நிற்கும். ஆறியபின் அதைக் கழற்றி, புரியை டேப் (புரி வெட்டும் கருவி) விட்டு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். துத்தநாகம் பூசிய நட்டை வெல்டிங் செய்தால் வரும் புகை உடம்புக்கு ஆகாது. பூச்சில்லாத நட் வாங்குங்கள்.

தூணில் போடும் மேல் பிடிமானம்

நான்கு கதவுக் கார்களுக்கு இதுதான் இயல்பான இடம், இதுதான் கஷ்டமான இடமும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூண் ஒரு பெட்டி: உள்தகரம், வெளித்தகரம், நடுவில் வெற்றிடம். போல்ட் நிற்க வேண்டியது உள்தகரத்துக்கு அந்தப்புறம், கை நுழையாத வெற்றிடத்தில்.

இங்கேதான் ரிவெட் நட் ஆசை வரும். வெளியிலிருந்தே செருகி இழுத்தால் புரி தயார், வெல்டிங் வேண்டாம். வேண்டவே வேண்டாம். அது உள்ளே விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பது சில மி.மீ. விளிம்பு மட்டுமே; ஒரு டன் இழுவையில் துளையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

சரியான முறை: தூணின் அகலத்துக்கு நீளவாக்கில் தகடு வெட்டி, பின்பக்கம் நட் வெல்டிங் செய்து, தூணில் ஏற்கெனவே உள்ள திறப்பு வழியாக உள்ளே இறக்குவது. விளக்கு சுவிட்ச் ஓட்டை, கீல் பொருத்தும் திறப்பு, அடியில் உள்ள வடிகால் திறப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். தகட்டின் ஒரு ஓரத்தில் கம்பி கட்டி இறக்கி, துளைக்கு நேரே வந்ததும் நீளமான போல்ட்டால் பிடித்து இழுத்து உள்தகரத்தோடு ஒட்ட வையுங்கள். துளைக்குச் சுற்றிலும் 8 மி.மீ. துளைகள் ஐந்தாறு முன்பே போட்டிருந்தால், அவற்றின் வழியே தகட்டை உள்தகரத்தோடு பிளக் வெல்டிங் செய்துவிடலாம். திறப்பே இல்லை என்றால் உள்தகரத்தில் ஜன்னல் வெட்டி, தகடு வைத்து, ஜன்னலை மீண்டும் மூட வேண்டும். வெல்டிங் கை தேறியவருக்கு இது பெரிய வேலை இல்லை. தேறாதவர் இதில் பழகக்கூடாது. இழுவை முன்பக்கம் போகும், ஆகவே தூணின் அடியும் தலையும் காரோடு ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்பதும் இதில் சேர்த்தி. முடிந்ததும் உள்ளே மெழுகுப் பூச்சு தெளிக்க மறக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் உள்ளிருந்த பழைய பெயின்ட் எரிந்திருக்கும், அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கேதான் தொடங்கும்.

தூணே இல்லாத ஹார்ட்டாப்களில் கூரை ஓரத்துப் பெட்டிப் பகுதிதான் வழி, பிந்திய மாடலின் தகடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கன்வர்டிபிளில் கூரையும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் சக்கர வளைவிலும் தரையிலும் ஊன்றி, தோள் உயரம் வரை எழும் ஒரு கோபுரம் செய்ய வேண்டும். இது சட்டம் கட்டும் அனுபவமுள்ளவரிடம் கொடுக்க வேண்டிய வேலை.

பின்சீட்டுக்கு பெரும்பாலும் பின் கண்ணாடிக்குக் கீழேயுள்ள தட்டில் போடுவார்கள். அந்தத் தட்டு ஒற்றைத் தகரம் என்பதால் ஓரங்களில், பெட்டிப் பகுதியோடு சேரும் இடத்தில் தகடு வைக்க வேண்டும். மற்றபடி கோணக் கணக்கெல்லாம் அதேதான்.

மாட்டுவது

பெல்ட்டின் முனையில் உள்ள இரும்புக் காது போல்ட்டில் சுழல வேண்டும். அதற்காகத்தான் போல்ட்டின் கழுத்தில் புரியில்லாத ஒரு தடித்த பகுதி. வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: போல்ட், காது, அலை வாஷர், இடைவெளி வளையம், கடைசியில் காரின் தகரம். பெல்ட்டோடு வந்த தாளில் வேறு வரிசை இருந்தால் அதன்படி. இறுக்கியபின் காதைக் கையால் ஆட்டினால் கொஞ்சம் கடினமாகச் சுழல வேண்டும். அசையவே இல்லை என்றால் வரிசை தப்பு. நடுவில் கார்ப்பெட் கசங்கி மாட்டிக்கொள்ளாமல் துளையைச் சுற்றி வட்டமாக வெட்டிவிடுங்கள். கார்ப்பெட் காலப்போக்கில் அமுங்கி போல்ட் தளர்ந்துவிடும்.

முதல் நான்கைந்து சுற்று விரலால் திருகுங்கள். விரலுக்கு வராத போல்ட்டை ஸ்பேனரால் அடக்கினால் புரி அழியும். பூட்டுப் பசை ஒரு துளி விட்டு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அளவு பெரும்பாலும் 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், தாளில் உள்ளதே முடிவு. கடைசியில் போல்ட் தலையிலிருந்து தகரம் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னால் தளர்ந்ததா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ரீலைக் கழற்றி வைத்திருக்கும்போது பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்டது, கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. கையில் சாய்த்துப் பிடித்தால் அது பூட்டத்தான் செய்யும். மாட்டி நிமிர்த்திய பிறகு பாருங்கள். மேல் வளையத்தில் பட்டை முறுக்கில்லாமல், முழு அகலத்தில் ஓடுகிறதா என்பதும் முக்கியம்.

சோதித்துப் பார்ப்பது

நின்ற காரில் மெதுவாக இழுத்தால் பட்டை தாராளமாக வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும், விட்டால் கடைசி வரை சுருள வேண்டும். கடைசி ஒரு சாண் சுருளாமல் தொங்கினால் மேல் வளையத்தில் உரசல் இருக்கிறது. வளையம் சுழலும் திசையைப் பாருங்கள்.

பிறகு ஆளில்லாத, காய்ந்த, சமமான தரையில் 15, 20 கி.மீ. வேகத்தில் போய் பிரேக்கை முழுக்க மிதியுங்கள். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பட்டையை மெதுவாக இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், அது பூட்டியிருக்க வேண்டும். மெதுவாக மிதித்தால் பூட்டாது, அதில் தவறில்லை: அமெரிக்க அளவில் வண்டி அசைவுக்கு ரீல் பூட்ட வேண்டிய எல்லை புவியீர்ப்பில் 0.7 பங்கு, ஐ.நா. அளவில் 0.45. களைத்துப்போன டிரம் பிரேக் உள்ள காரில் முதல் எண்ணைத் தொடுவதே சிரமம். அதனால் இந்தச் சோதனையில் பூட்டவில்லை என்றால் ரீலைச் சந்தேகிக்கும் முன் பிரேக்கையும் ஒருமுறை பாருங்கள்.

சீட்டையும் விடாதீர்கள். சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளும் பூட்டும் பல்லும் தேய்ந்திருந்தால், மோதலில் சீட்டே முன்னே ஓடி உங்களைப் பெல்ட்டோடு நெருக்கும். இரண்டு கதவுக் கார்களில் முன்சீட்டின் முதுகு மடங்கும். பழைய மாடல்களில் அதற்குப் பூட்டு கிடையாது, பின்னால் இருக்கும் சாமான் மோதினாலே மடங்கி முதுகில் அடிக்கும். பூட்டு பொருத்த முடிந்தால் பெல்ட் வேலையோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

சில வாரம் ஓட்டியபின் பெயின்ட் கோடுகளைப் பாருங்கள், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. பட்டை அழுக்கானால் மென்மையான சோப்புத் தண்ணீரால் துடைத்து நிழலில் காய வையுங்கள். வெளுக்கும் மருந்தும் சாயமும் நூலை அரிக்கும். ஓரம் பிசிறடித்தால் மாற்ற வேண்டியதுதான். மோதல் நடந்துவிட்டால், பெல்ட் நன்றாகத் தெரிந்தாலும் முழு செட்டையும் மாற்றி, தகடுகளைச் சுற்றித் தகரம் சுருங்கியிருக்கிறதா, துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று அடியிலிருந்து பாருங்கள். இதற்காகவே, கார்ப்பெட்டைப் போட்டு மூடும் முன் ஒவ்வொரு தகட்டையும் வெல்டிங்கையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து காரின் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்பதும் அதைத்தான்.